ஒரு படம் நெஞ்சைப் பிடித்து நிறுத்தினால், அந்த உணர்ச்சி படத்தில் இருக்கிறதா, அதைப் பற்றிய கதையில் இருக்கிறதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படங்களை உற்றுப் பார்த்து, பார்த்ததை எழுதிப் பழகும் ஒரு சிறு குழுவில் சில மாதங்களாக இருக்கிறேன். சென்ற வாரம் எங்களுக்குத் தரப்பட்ட படம், டோரத்தியா லாங்கே 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாமில் எடுத்தது. 'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரில் உலகமே அறிந்த அந்தப் படத்தை நானும் முன்பு பலமுறை கடந்து போயிருக்கிறேன். இந்த முறை பெரிய அச்சில், அமைதியான அறையில் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. என் குறிப்பில், "இந்தப் படம் வறுமையின் துயரத்தையும் தாய்மையின் வலிமையையும் காட்டுகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். குழுவை நடத்துபவர் அதைப் படித்துவிட்டு, "வறுமை இந்தப் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, வலிமை எந்த இடத்தில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள்" என்றார். நான் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டினேன். "முகத்தில் எங்கே?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தின் வரலாற்றைப் படித்தேன். அது என்னை இன்னும் குழப்பியது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. காரின் டயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங்கே எழுதிய குறிப்பை அந்தக் குடும்பத்தினர் பிற்காலத்தில் மறுத்தார்கள். அவர்கள் அந்த முகாமில் வாழ்ந்தவர்களே அல்லர், வழியில் கார் பழுதானதால் அங்கே ஒதுங்கியவர்கள். படம் வெளியானபின் முகாமுக்கு நிவாரண உணவு வந்தபோது அவர்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் யார் என்பது 1978இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தன்னைப் படம் எடுத்ததே வருத்தம் என்றும், அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் அப்போது சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபின், என் தொண்டை அடைத்தது எதற்காக என்றே எனக்குத் தெரியவில்லை. நான் உணர்ந்தது பொய்யா? ஒரு படத்தின் பொருளையும் அது எழுப்பும் உணர்ச்சியையும் படத்துக்குள்ளேயே தேட வேண்டுமா, அல்லது பின்னணியை அறிந்த பிறகுதான் பேச வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் எழுதிய வாக்கியம் தவறானது அன்று. ஆனால் படத்தைப் பார்க்காதவரும் எழுதிவிடக்கூடிய வாக்கியம் அது, குறை அங்கேதான் இருக்கிறது. தலைப்பை மட்டும் சொல்லிப் படத்தைக் காட்டாமல் விட்டாலும் அந்த இரண்டு கருத்துகளையும் யாரும் ஊகித்துவிடுவார்கள். உங்கள் தொண்டையை அடைத்தது கருத்து அன்று, கண்ணில் பட்ட ஏதோ ஒன்று. குழுவை நடத்துபவர் கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். படக்குறிப்பைக் கையால் மூடிவிட்டு, பத்து நிமிடங்களுக்குப் பொருள் எதையும் எழுதாமல், யார் எங்கே பார்க்கிறார்கள், எது எதைத் தொடுகிறது, சட்டகத்தின் விளிம்பு எதை வெட்டுகிறது என்பவற்றை மட்டும் எழுதுவேன். 'சோகம்', 'ஏக்கம்' போன்ற சொற்களுக்கு அந்தப் பத்து நிமிடங்களில் இடமில்லை. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படத்தில் அப்படிச் செய்து பாருங்கள். அந்தப் பெண்ணின் கண்கள் நம்மைப் பார்க்கவில்லை, குழந்தைகளையும் பார்க்கவில்லை. சட்டகத்துக்கு வெளியே, நாம் காண முடியாத ஏதோ ஒரு தொலைவில் நிற்கின்றன. வலது முன்கை கீழிருந்து மேலாக எழுந்து, விரல் நுனிகள் கன்னத்தின் ஓரத்தைத் தொடுகின்றன. அந்தக் கை முகத்தைத் தாங்குகிறதா, வெறுமனே தொடுகிறதா என்று உற்றுப் பாருங்கள். தாங்கினால் அது களைப்பு. வெறுமனே தொட்டால், அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர் தம்மையறியாமல் செய்யும் செயல். எனக்கு இரண்டாவதாகவே படுகிறது; ஆயினும் படம் இந்த இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடாமல் நிறுத்திவைத்திருப்பதால்தான் நம் கண் அந்தக் கைக்கே திரும்பத் திரும்பப் போகிறது.

இனி இரண்டு பக்கமும் உள்ள குழந்தைகளைப் பாருங்கள். இருவருடைய முகமும் நமக்குத் தெரியவில்லை. தாயின் தோளில் முகத்தைத் திருப்பி மறைத்திருக்கிறார்கள், தலைமுடியும் கழுத்தும் மட்டுமே தெரிகின்றன. அவர்கள் முகங்கள் தெரிந்திருந்தால் நம் பார்வை மூன்றாகப் பிரிந்திருக்கும். குழந்தை முகம் எப்போதும் கண்ணை முதலில் இழுத்துக்கொள்ளும். மடியில் இருக்கும் கைக்குழந்தையும் துணிக்குள் பாதி மறைந்திருக்கிறது. நான்கு உயிர்கள் உள்ள படத்தில் திறந்து தெரியும் முகம் ஒன்றே ஒன்று. பின்னால் கூடாரத் துணியைத் தவிர வேறெதுவும் இல்லை. வானமும் தரையும் பாதையும் இல்லாததால் பார்ப்பவரின் கண் தப்பிப் போக வழியே கிடைப்பதில்லை.

வறுமை எங்கே என்று கேட்டால் விரலை அந்தச் சட்டைக் கையின் நைந்த நூலில் வைக்கலாம். வலிமை எங்கே என்று கேட்டால் முகத்தைக் காட்டாதீர்கள், ஏனெனில் முகத்தில் இருப்பது கவலை. மூன்று உடல்கள் அந்தப் பெண்ணின் மேல் சாய்ந்திருக்கின்றன. அவரோ சட்டகத்துக்குள் எதன்மேலும் சாயவில்லை. நீங்கள் 'வலிமை' என்று எழுதியது உடல்களின் இந்த அமைப்பைத்தான், அதை வெளிப்படையாகச் சொல்லும் சொல் அப்போது உங்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகப் பிரிக்கிறது. அழுகை என்ற ஒன்றுக்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களை, அதாவது அது பிறக்கும் காரணங்களை, சொல்கிறது. ஒளிப்படத்துக்காகச் செய்யப்பட்ட பிரிவு இல்லைதான். ஆனால் 'துயரம்' என்று பொதுவாக எழுதி நகர்ந்துவிடும் நம் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. இழவு என்பது எதையோ இழந்ததால் வருவது. அசைவு என்பதற்கு முன்பிருந்த நிலை தாழ்ந்து வருந்துவது என்று உரை சொல்வார்கள். இந்தப் பெண்ணிடம் நான் காண்பது இழவைவிட அசைவையே. அதனுடன் இன்னும் வராத ஒன்றைப் பற்றிய அச்சமும் கலந்திருக்கிறது. நீங்கள் வேறாகக் காணலாம், ஆனால் எதனால் அப்படிக் காண்கிறீர்கள் என்பதைப் படத்திலிருந்தே காட்ட வேண்டும்.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் சொன்ன முறையை நானும் பின்பற்றுகிறேன். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதி இன்னும் தொடப்படவில்லை. 'நான் உணர்ந்தது பொய்யா' என்பதுதான் இதில் கனமான பகுதி, ஆதலால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சோவியத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த ஒரு சோதனையைப் பற்றித் திரைக்கலை மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும், சவப்பெட்டியில் கிடக்கும் ஓர் உடலுடனும், ஒரு பெண்ணுடனும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் விருப்பத்தையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்பது அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லப்படுவது. ஒளிப்படத்தில் அந்த இரண்டாவது துண்டின் வேலையைப் படக்குறிப்பு செய்கிறது. லாங்கேயின் படத்துடன் போன அதிகாரப்பூர்வக் குறிப்பு, ஆதரவற்ற நிலையில் உள்ள பட்டாணி பறிப்பவர்கள், ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு என்ற அளவில்தான் இருந்தது. பெயர் இல்லாததால் அந்தப் பெண் ஒரு தனி மனுஷியாக இல்லாமல் ஒரு காலத்தின் முகமாக ஆகிவிட்டார். அவர் செரோக்கி வழிவந்த அமெரிக்கப் பழங்குடிப் பெண் என்பதும் பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. அதுவரை அந்த முகத்தைப் பார்த்த பெரும்பாலோர் வேறு ஒரு கதையையே அதில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முகம் மாறவில்லை, கதை மாறிவிட்டது. அப்படியானால் நம் உணர்ச்சி எதைச் சேர்ந்தது? ஒரு படத்தின் முன் நிற்கும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து நம்மிடம் வருகின்றன என்பது என் எண்ணம். படம் காட்டுவது ஒன்று, குறிப்பு சொல்வது ஒன்று, நாமாகச் சேர்ப்பது ஒன்று. கவலையில் ஆழ்ந்த ஒரு தாயைப் படம் காட்டுகிறது, அது உண்மை. அந்தக் கணத்தில் அவர் முகம் அப்படித்தான் இருந்தது. டயர்களை விற்றார் என்பது குறிப்பு, அது மறுக்கப்பட்டது. 'இவருக்கு இனி மீட்சியே இல்லை' என்பது நாம் சேர்த்தது. அதைப் படமும் சொல்லவில்லை, குறிப்பும் சொல்லவில்லை. உங்கள் தொண்டை அடைத்தது முதலாவதற்காக என்றால் அதில் பொய் எதுவும் இல்லை. படத்தைப் பார்த்து நாம் உணர்வது, படம் நம்மிடம் என்ன செய்தது என்பதற்குச் சான்று. படத்தில் இருப்பவரின் வாழ்க்கைக்கு அது சான்று ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் பின்னணி தெரிந்தவுடன் ஏமாந்தது போன்ற உணர்வு வருகிறது.

இதை ஒளிப்படக் கலைஞர்களே உணர்ந்து வருந்தியிருக்கிறார்கள். வியட்நாம் போரின்போது, 1968 பிப்ரவரி 1ஆம் தேதி சைகோன் தெருவில் ஒரு தளபதி ஒரு கைதியின் தலையில் சுடும் கணத்தை எடி ஆடம்ஸ் பதிவு செய்தார். அதற்கு 1969இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அந்தத் தளபதி 1998இல் இறந்தபோது, எந்தத் திருத்தமும் செய்யப்படாத ஒளிப்படமும் பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது என்ற பொருளில் ஆடம்ஸ் எழுதினார். அந்தப் படத்தில் ஒரு துளியும் பொய் இல்லை. ஆனால் ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதைச் சொல்லும் வலிமை எந்தப் படத்துக்கும் கிடையாது. அந்த இடைவெளியை நம் கோபம் உடனே நிரப்பிவிடுகிறது.

முதல் மறுமொழி எழுதியவரிடம் பணிவாக ஒரு மறுப்பு. அந்தப் பெண் எதன்மேலும் சாயவில்லை, அதுவே வலிமை என்று எழுதியிருந்தீர்கள், அழகான வாசிப்புதான். ஆனால் லாங்கே எடுத்த மூலப் படத்தில், வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பற்றியிருக்கும் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. கவனத்தைச் சிதறடிக்கும் குறை என்று கருதி, பின்னர் நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்துவிட்டார்கள். எதையோ பற்றிக்கொண்டிருந்த ஒரு கை இப்படி அகற்றப்பட்ட பிறகுதான் 'எதையும் பற்றாத தாய்' நமக்குக் கிடைத்தார். நீங்கள் கண்ட வலிமையில் ஒரு சிறு பகுதியை அந்தத் திருத்தம் செய்து கொடுத்திருக்கிறது. அதனால் உங்கள் வாசிப்பு செல்லாது என்று நான் சொல்லவில்லை. ஒரு படத்தின் அமைப்பை இயற்கையாக நிகழ்ந்தது என்று எடுத்துக்கொள்ளாமல், யாரோ எடுத்த முடிவு என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். லாங்கே அன்று ஒரே ஒரு படம் எடுக்கவில்லை. கூடாரம் முழுவதும் தெரியும் தொலைவிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக நெருங்கி வந்துதான் இந்தப் படத்தை அடைந்தார். முந்தைய படங்களில் கூடாரமும் சாமான்களும் மூத்த மகளும் இருக்கிறார்கள். அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெருங்க நெருங்க இடமும் சூழ்நிலையும் உதிர்ந்துகொண்டே வந்து கடைசியில் உணர்ச்சி மட்டும் எஞ்சுவது தெரியும்.

மறுமொழி 3

மேலே உள்ள இருவரும் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் உரையாடல் முழுவதும் துயரப் படங்களையே சுற்றி வருவதால், நெஞ்சைத் தொடும் படம் என்றாலே அழ வைக்கும் படம் என்று புதியவர்கள் எண்ணிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறேன். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்ட்டியே பிரஸ்ஸோன் 1932இல் பாரிஸின் செயிண்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எடுத்த படத்தைப் பாருங்கள். தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரின் குதிகால் நீரைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பு அந்தரத்தில் நிற்கிறது. கீழே அவருடைய பிம்பம். பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரர் அதே போலத் துள்ளிக்கொண்டிருக்கிறார். இதில் கதை இல்லை, பின்னணி தெரிந்தாலும் எதுவும் கூடிவிடாது. அடுத்த நொடி அந்த நீர் கலங்கிவிடும் என்ற அறிவு ஒன்றே நம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கிறது. மெய்ப்பாட்டுக் கணக்கில் இது மருட்கை, அதாவது வியப்பு. எனக்கு இந்தப் படம் எத்தனை முறை பார்த்தாலும் தீர்வதில்லை.

இன்னொரு கருத்து, கேள்வி கேட்டவருக்காக. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1980இல், படத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் புரியும் ஆர்வத்தையும், ஒருவரை மட்டும் தனியாக வந்து குத்தும் சிறு விவரத்தையும் வேறு வேறாகப் பிரித்தார். இரண்டாவதற்கு அவர் வைத்த பெயர் பங்க்டம். தம் தாய் சிறுமியாக இருந்த ஒரு படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது சாதாரணப் படமாகவே தெரியும் என்றார். உங்கள் தொண்டையை அடைத்தது எது என்பதை முழுவதும் விளக்கிவிட முடியாமலும் போகலாம். என் தாயார் கவலையில் இருக்கும்போது விரல் நுனியால் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதனால் லாங்கேயின் படத்தை என்னால் ஒருபோதும் நடுநிலையாகப் பார்க்க முடிந்ததில்லை. இதை என் குறிப்பில் எழுதுவேன், ஆனால் படத்தின் பொருள் இதுதான் என்று எழுதமாட்டேன்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன், மனத் திடம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். 1984 டிசம்பர் போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின், மண்ணில் புதைக்கப்படும் பெயர் தெரியாத ஒரே குழந்தையை ரகு ராய், பாப்லோ பார்த்தலோமியூ இருவருமே படம் எடுத்தார்கள். ராயின் புகழ்பெற்ற படம் கருப்பு வெள்ளை. பார்த்தலோமியூவின் படம் வண்ணம், அந்த ஆண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்பட விருது அதற்குக் கிடைத்தது. குழந்தை ஒன்று, மண் ஒன்று, இரண்டு படங்களும் நம்மிடம் செய்வது வேறு. கருப்பு வெள்ளையில் முகமும் மண்ணும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து, அந்த முகம் ஏதோ பழங்காலச் சிற்பம் போல ஆகிவிடுகிறது. அந்தத் தொலைவு நமக்குத் தாங்கும் வலுவைத் தருகிறது. வண்ணம் அந்தத் தொலைவைத் தருவதில்லை, நேற்று நடந்தது போல முன்னால் வைத்துவிடுகிறது. எது சரி என்று எனக்கு ஒரு முடிவு இல்லை. நாளுக்கு ஒன்றாகத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு நாள் இடைவெளி விட்டு எழுதுகிறேன், ஏனெனில் சொன்னபடி படக்குறிப்பை மூடிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க விரும்பினேன். பத்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது முகம் அன்று என்று இப்போது தெரிகிறது. இடது பக்கம் நிற்கும் குழந்தையின் பின்கழுத்துதான். அதற்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வழியில்லை. அழுகிறதா, வெட்கப்படுகிறதா, அந்நியர் ஒருவர் கருவியுடன் வந்து நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டதா என்று படம் சொல்லவில்லை. அந்தப் பெண் பிற்காலத்தில் படம் எடுத்ததைப் பற்றிச் சொன்ன வருத்தத்தைப் படித்தபின் அந்தக் கழுத்தைப் பார்த்தால், குழந்தை முன்பே அதைச் சொல்லிவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது. இதில் எவ்வளவு படம், எவ்வளவு நான் என்று இரண்டாவது மறுமொழியின் வழியில் பிரித்துப் பார்த்தேன்: திரும்பிய தலை படத்தினுடையது, மறுப்பு என்ற பொருள் என்னுடையது. என் குறிப்பில் அதை அப்படியே பிரித்து எழுதியிருக்கிறேன். 'தாய்மையின் வலிமை' என்ற சொற்றொடரை அடித்துவிட்டேன்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தப் படத்தைப் பெரிய அளவில் இணையத்தில் வைத்திருப்பதால், அந்தக் கட்டைவிரலையும் தேடிப் பார்த்தேன். திருத்தப்பட்ட படத்தில் அது முழுவதும் அழியவில்லை. வலது மூலையில், கம்பத்தின் ஓரத்தில், விரலின் வடிவத்தில் ஒரு மங்கலான கறை இன்னும் இருக்கிறது. அது யாருடைய கை என்பதைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

மறுமொழி 4

முதல் மறுமொழியை எழுதியவன் நான். கட்டைவிரலைப் பற்றிய மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். 'சட்டகத்துக்குள் எதன்மேலும் சாயவில்லை' என்று எழுதியபோது சட்டகத்தில் என்ன திருத்தினார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. குழந்தையின் பின்கழுத்தை நான் இத்தனை ஆண்டுகளில் ஒரு கோட்டமைப்பின் பகுதியாக மட்டுமே பார்த்திருக்கிறேன், தாயின் முகத்துக்கு வழிவிடும் ஒரு வளைவாக. அது ஒரு குழந்தை திரும்பிக்கொண்ட செயல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் குறிப்பை முழுவதும் இங்கே பகிர முடியுமா? அந்தப் படத்தின் முந்தைய சட்டகங்களை வரிசையாக வைத்து, அந்தக் குழந்தை எந்தப் படத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இன்று இரவு தேடப் போகிறேன்.